கொலுவில் நின்ற குழவிக்கல்

எங்கள் வீட்டுக் கொலுவில் பொம்மைகளுக்கு முன்னால் போடும் பார்க் எப்போதும் அண்ணாவின் சொத்து. சாவி கொடுத்தால் ஓடும் ரயில் ஒன்றை வைத்துக்கொண்டு, வருஷா வருஷம் அதே ஸ்டேஷன், அதே மலை. அதற்கு அவன் பண்ணிய ஜம்பத்தை மயிலாப்பூர் தாங்காது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நவராத்திரிக்கு, பார்க்கில் நான் கடல் வைக்கப்போகிறேன் என்று அறிவித்தேன். தகரத் தொட்டி நிறையத் தண்ணீர், நடுவில் ஒரு கலங்கரை விளக்கம்.

அண்ணா தையதக்கா என்று குதித்தான். கடைசியில் சித்தப்பாதான் தீர்ப்புச் சொன்னார்.

"அவ கட்டட்டும்டா. நான் அலை அடிக்கறேன். விழுந்தா உன் ரயில், நின்னா அவ கடல்."

சித்தப்பாவுக்கு, கடலுக்குள் கலங்கரை விளக்கம் கட்டும் ஒரு கம்பெனியின் டிராயிங் ஆபீசில் வேலை. அதைப் பற்றி வீட்டில் வாயே திறக்க மாட்டார். அந்த வாரம் சாப்பிடக்கூட வாயைத் திறக்கவில்லை. ரேடியோவில் புயல் செய்தி வந்தால் மட்டும் எழுந்துபோய்க் காதை ஒட்டவைத்துக்கொள்வார். மழை பெய்தால் யாரும் வெற்றிலை பாக்கு வாங்க வரமாட்டார்களே என்ற கவலைதான் அவருக்கும் என்று நினைத்தேன்.

முதலில் ஒரு பால் பவுடர் டப்பாவுக்கு வெள்ளையடித்து நிறுத்தினேன். அலை அடிப்பதற்கு முன்பே அது ஒய்யாரமாக மிதந்துபோய்க் கரையில் இருந்த செட்டியார் பொம்மையின் தொப்பையை இடித்தது. டப்பாவில் மணலை ரொப்பினேன். சித்தப்பா, கோலம் போட்ட மணைப்பலகையைத் தண்ணீரில் செருகி ஒரு தள்ளு தள்ளினார். டப்பா மல்லாந்தது. அண்ணா விழுந்து விழுந்து சிரித்தான். சித்தப்பாவின் முகம்தான் செத்துப்போயிற்று. விழுந்தது என் டப்பா, இவருக்கு என்ன வந்தது?

"நாளைக்குச் சாயந்தரம்தான் உனக்குக் கடைசி சான்ஸ்," என்றான் அண்ணா.

மறுநாள் காலையில் அம்மா குட்டி ஆட்டுக்கல்லில் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். குழவி அடியில் பெருத்து, மேலே போகப் போக ஒடுங்கியிருந்தது. அம்மா என்ன வேகத்தில் சுற்றினாலும் அது குழியை விட்டு வெளியே வரவில்லை. அடடா, இதை விட்டுவிட்டு டப்பாவோடு மாரடித்தேனே!

அம்மா கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்துக் கல்லைக் கோணியில் வைத்து இழுத்துவந்து தொட்டியில் இறக்கினேன். கல்தான் பாறை, குழவிதான் கோபுரம். குழவியைச் சுற்றி இருந்த இடைவெளியில் ஓட்டுச் சில்லுகளை இறுக்கிச் செருகிக் களிமண் பூசினேன். மேலே இருந்த மரப்பிடியில் பாட்டரியோடு ஒரு டார்ச் பல்பைக் கட்டினேன்.

சாயந்தரம் தொட்டியை எட்டிப் பார்த்த சித்தப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த வடிவம் யாருடி சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல சித்தப்பா. என்ன ஆட்டினாலும் குழியை விட்டு வரமாட்டேங்கறதே, அதான்."

மணையை எடுத்தார். முதல் அலை குழவியின் பருத்த அடியில் ஏறி, இரண்டாகப் பிரிந்து வழிந்துபோயிற்று. இன்னும் வேகமாகத் தள்ளினார். செட்டியார் கடையோடு கவிழ்ந்தார், அண்ணா ஓரமாகத் தயாராக வைத்திருந்த அட்டை ரயில் ஸ்டேஷன் கூழானது, கூடம் வெள்ளக்காடானது. பல்ப் அணையவே இல்லை. சித்தப்பாவும் விடவில்லை. "நில்லு... நில்லுடா ராஜா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். அலை அடிக்கிறவரே நில்லு என்று கெஞ்சியது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

"துவையல் கல்லைத் தேடிண்டு வீடெல்லாம் அலையறேன், இங்க கடல்ல கிடக்கா!" என்று அம்மா கத்தினாள்.

அப்போது வாசலில் சைக்கிள் மணி. சித்தப்பாவின் ஆபீஸ் பியூன் சொட்டச் சொட்ட ஓடிவந்தார்.

"சார், நிக்குது சார்! ஒரு கல்லுகூட நவுரல! உள்ள இருந்த ஆளுங்க அல்லாரும் நல்லா கீறாங்க சார்!"

அதற்குள் என் புகழ் ஆபீஸ் வரை போய்விட்டதே என்று பூரித்துப்போனேன். ஆனால் உள்ளே யார் இருந்தார்கள்? தொட்டியை எட்டிக்கூடப் பார்த்தேன்.

சித்தப்பா என்னைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினார். "நின்னுடுத்துடி! நின்னுடுத்து!" என்று அவர் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. அண்ணா ஊறிப்போன ரயிலை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். எனக்கு உலகத்தையே ஜெயித்த சந்தோஷம்.

சரஸ்வதி பூஜையன்று சித்தப்பா தன் காம்பஸ் பெட்டியைக்கூடத் தொடாமல், முதல் சந்தனப் பொட்டை என் குழவிக்குத்தான் வைத்தார். கண்ணில் நீர் முட்டிற்று. அலை தோற்றுப்போன வருத்தம் என்று நினைத்து, பெருந்தன்மையோடு அவரை மன்னித்தேன்.

அந்தப் புயலில், கடல் நடுவே ஒரு பாறைமேல் பாதி எழும்பிய கோபுரத்துக்குள் வேலையாட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்றும், நாள்கணக்கில் தகவலே இல்லை என்றும், அந்தக் கோபுரத்தின் அடியைப் பருத்து வளைந்ததாக வரைந்தவர் சித்தப்பாதான் என்றும், நான் பெரியவளான பிறகுதான் அம்மா சொன்னாள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், இனி வருஷா வருஷம் பார்க் என்னுடையது என்பதுதான்.