கடைசி வாங்கு அண்ணையின் கால்

ஒன்பது வயதில் எனக்கு அமெரிக்கா எந்தத் திக்கில் இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அங்கே ஒருவருடைய வீட்டைச் சோதனை போட வேண்டுமென்றால் நீதவான் கையெழுத்து வைத்த கடதாசி வேண்டும் என்பது தெரியும். பிடிபட்டவர் தனக்கு எதிராகத் தானே வாய் திறக்கத் தேவையில்லை என்பதும் தெரியும். எங்கள் வீட்டை இராணுவம் ஒரே மாதத்தில் மூன்று தரம் சோதனை போட்டிருந்தது. வந்தவர்கள் கடதாசி ஏதும் கொண்டுவரவில்லை. மூன்றாம் தரம் வந்தவர்கள் போகும்போது அம்மாவின் கோழி ஒன்றைக் கொண்டுபோனார்கள்.

எனக்கு இவ்வளவு சட்டம் தெரிந்தது சின்னம்மாவால். அம்மாவின் தங்கையான அவர் எங்களோடுதான் இருந்தார். கோப்பாயில் எங்கள் வளவுக்குள், கிணற்றடிக்குப் பக்கத்தில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டிலில் உயர்தர மாணவர்களுக்கு அரசறிவியல் படிப்பித்தார். பாடத்திட்டத்தில் அமெரிக்க அரசியலமைப்பும் இருந்தது. பிரஜைகளின் உரிமைகளுக்கு வந்துவிட்டால் சின்னம்மாவின் குரல் கணீரென்று ஏறிவிடும். தெருவில் ஆமி வாகனம் வரும் சத்தம் கேட்டதும் தானாக இறங்கும். வாகனம் ஒழுங்கையைத் தாண்டிய பிறகு, விட்ட வசனத்திலிருந்து அமெரிக்கர்களுக்கு மறுபடி உரிமைகள் கிடைக்கும்.

ஒருநாள் சாட்சிகளைப் பற்றிய பாடம். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன்மேல் சாட்சி சொல்பவரை நேருக்கு நேர் காணும் உரிமை உண்டு, மறைவில் நின்றுகொண்டு யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க முடியாது என்று சின்னம்மா சொன்னார். விளங்கப்படுத்த அவருக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. பனங்களியைக் காயவைத்துச் செய்த பினாட்டு, பானையிலிருந்து பாதி காணாமற்போயிருந்த சமயம் அது. என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வகுப்பின் முன்னால் நிறுத்தினார்.

சாட்சியாக எழுந்தவர் கடைசி வாங்குப் பலகையில் இருந்து படிக்கும் அண்ணை. அடுத்த ஒழுங்கையில் வெங்காயத் தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளை. பாத்தி கட்டும்போது மண்வெட்டி பட்டு அவருடைய இடது காலில் சின்னவிரல் போய்விட்டது. செருப்பில்லாமல்தான் வருவார். சின்னம்மா கேள்வி கேட்டால் விரல் இல்லாத அந்த இடத்தை வலது காலால் தேய்த்துக்கொண்டே நிற்பார். நான் பானைக்குள் கை விட்டதை அவர் கண்டிருந்தார். அவர் கண்டதை நானும் கண்டிருந்தேன்.

“இவளின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லும். நீர் கண்டனீரோ?” என்று சின்னம்மா கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த அத்தனை அப்பாவித்தனத்தையும் முகத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். கால் காலைத் தேய்த்தது.

“நான் வடிவாப் பாக்கேல்லை, ரீச்சர்.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நான் விடுதலையானேன். விரலிலே பினாட்டு மணம் அப்போதும் போகவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத சாட்சி சாட்சியே இல்லை என்று சின்னம்மா சொல்ல, எல்லாரும் அதைக் கொப்பியில் எழுதினார்கள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் கடைசி வாங்கு வெறுமையானது. சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோன இடத்தில் அந்த அண்ணையை ஆமி பிடித்துவிட்டது. அவருடைய தாய் அழுதுகொண்டு வந்து சின்னம்மாவைக் கொண்டு ஆங்கிலத்தில் கடிதங்கள் எழுதுவித்தார். அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவில்லை என்றே எல்லா முகாம்களிலும் சொன்னார்களாம்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் ஊரைச் சுற்றிவளைத்தார்கள். எல்லாரும் கோயில் வீதிக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் வேப்பமரத்தின் கீழ் மண்ணில் இருத்திவிட்டு, ஆண்களை வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். வரிசையின் முடிவில், எங்களுக்குக் கிட்ட, ஒரு ஜீப். அதற்குள் தலையிலிருந்து முழங்கால் வரை சாக்கு மூடிய ஒரு உருவம் இருந்தது. சாக்கில் இரண்டு ஓட்டைகள். அதைத் தலையாட்டி என்பார்கள். ஒவ்வொருவரையும் அதற்கு முன்னால் தலையைக் குனிந்தபடி நிறுத்துவார்கள். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். மேலும் கீழும் ஆடினால் ட்ரக்கில் ஏற்றிவிடுவார்கள். ஏற்றப்பட்டவர்கள் எல்லாரும் திரும்பி வருவதில்லை.

எனக்கு இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்ச் சட்டை நனைந்துவிட்டது, அம்மாவிடம் சொல்லவும் பயம். பெரியவர்கள் எல்லாரும் அந்த இரண்டு ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவற்றைப் பார்க்கப் பயந்து நான் கீழே பார்த்தேன். ஜீப்பின் மிதிபலகையில் இரண்டு வெறுங்கால்கள் இருந்தன. அப்பாவின் முறை வந்தது. தான் வேலை செய்யும் தபால் கந்தோரில் நிற்கிற மாதிரியே நேராக நின்று, அவர்கள் அதட்டிய பிறகு தலையைக் குனிந்தார். மிதிபலகையில் இருந்த வலது கால் மெதுவாக எழும்பி இடது காலின் ஓரத்தைத் தேய்த்தது. அங்கே சின்னவிரல் இல்லை.

சாக்கு மேலும் கீழும் ஆடியது.

அம்மா கத்திய கத்தல் இன்றைக்கும் என் காதுக்குள் இருக்கிறது. ட்ரக் போனபிறகு நான் சின்னம்மாவின் காதோடு, அது கடைசி வாங்கு அண்ணை என்று சொன்னேன். அவர் என் வாயைப் பொத்தினார். பல்லில் உதடு பட்டு இரத்தம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் என்னைக் கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் படலையைச் சாத்தினார்.

“நீ ஒண்டும் பாக்கேல்லை. அம்மாவுக்கும் சொல்லக்கூடாது. விளங்குதோ?”

எனக்கு விளங்கவில்லை. அமெரிக்கர்களுக்காக அவ்வளவு சத்தம் போட்ட சின்னம்மா, சொந்த அக்காவின் புருஷனைக் காட்டிக்கொடுத்தவனை மறைக்கிறார். அதன் பிறகு ஆமியைவிடச் சின்னம்மாவுக்குத்தான் நான் கூடுதலாகப் பயந்தேன். இரவில் அம்மா அழும்போது பக்கத்துப் பாயில் அவர் விழித்துக்கொண்டு கிடப்பார். என் வாயில் கை வைத்துவிடுவாரோ என்று நானும் விழித்திருப்பேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் ஒரு சைக்கிளில் பெடியள் இரண்டு பேர் வந்தார்கள். ஆமியோடு சண்டை பிடிக்கிற, துவக்கும் தோட்டாவும் வைத்திருக்கிற இயக்கப் பெடியள். ஆமியிடம் ஏன் என்று கேட்க முடியாததுபோல அவர்களிடமும் யாரும் கேட்பதில்லை. சந்தியில் ஒரு மின்கம்பம் இருந்தது. சில நாட்களில் அதைக் கடக்கும்போது அம்மா என் கண்ணைப் பொத்திவிடுவார். பெடியள் யாரோ ஒருவரை அதில் கட்டிச் சுட்டிருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கதைப்பார்கள். செத்தவரின் கழுத்தில் தொங்குகிற மட்டையில் என்ன குற்றம் எழுதியிருக்கும் என்று நான் கேட்டதற்குப் பதில் கிடைத்ததில்லை.

வந்தவர்களில் மூக்குக்கண்ணாடி போட்டவர் நல்ல மரியாதையாகக் கதைத்தார். தலையாட்டி யாரென்று அறிய வேண்டுமாம். சின்னப்பிள்ளைகள் ஜீப்புக்குக் கிட்ட இருந்ததாகக் கேள்விப்பட்டார்களாம். என்னைக் கூப்பிட்டார்கள். அவர் என் உயரத்துக்குக் குந்தினார்.

“தங்கச்சி, ஆரெண்டு கண்டனீங்களோ? பயப்படாமல் சொல்லுங்கோ.”

அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். “கண்டிருந்தால் சொல்லு பிள்ளை. உன்ரை அப்பாவெல்லே.”

எனக்குச் சொல்ல ஆசை. அண்ணையின் பேர் நாக்கின் நுனியில் வந்து நின்றது. சொன்னால் அப்பா வந்துவிடுவார் என்றுகூட நினைத்தேன். சின்னம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சோக்கட்டியை விரல்களுக்குள் வைத்து நசுக்கிக்கொண்டு நின்றார். வெள்ளைத் தூள் நிலத்தில் விழுந்தது. என் வாயைப் பொத்திய கை அது. என் ஒரு கால் மற்றக் காலைத் தேய்ப்பதை நானே கண்டேன்.

“நான் வடிவாப் பாக்கேல்லை,” என்றேன்.

இரக்கப்பட்டு நான் அதைச் சொல்லவில்லை. முழுக்க முழுக்கப் பயம். அவர்கள் போனபிறகு சின்னம்மா கிணற்றடிக்குப் போய்ச் சாப்பிட்டதெல்லாவற்றையும் சத்தி எடுத்தார். பாடம் நடத்தத் தெரிந்தவருக்கு இப்படி ஒரு வயிறா என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா ஒரு மாதம் போய்த் திரும்பி வந்தார். இடது காது கேட்கவில்லை. நடை மாறிவிட்டது. யார் என்ன கேட்டாலும், குனிந்து நின்றதால் ஒன்றும் தெரியவில்லை என்பார். இன்னும் கொஞ்ச நாளில் கடைசி வாங்கு அண்ணையையும் விட்டுவிட்டார்கள். ஆமி பிடித்து அடித்துவிட்டு அனுப்பிய பிள்ளை என்று ஊர் பரிதாபப்பட்டது. வகுப்புக்கு வந்து அதே வாங்கில் இருந்தார். சாட்சிகள் பாடத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து சின்னம்மா படிப்பித்தார்.

வகுப்பு முடிந்து அண்ணை போகும்போது விறாந்தையில் இருந்த அப்பா கைகாட்டிக் கூப்பிட்டார். அண்ணை முற்றத்தில் வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. இப்போது அப்பா எழும்பி அடிக்கப்போகிறார் என்று நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அப்பா அவருடைய காலைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் தன் கறுப்புச் சப்பாத்தை எடுத்துவரச் சொன்னார். கந்தோருக்குப் போட்டுக்கொண்டு போக அவரிடம் இருந்த ஒரே சோடி அது. அதை அண்ணையின் முன்னால் வைத்தார். காது கேளாதவர்கள் கதைக்கிற மாதிரி உரக்கக் கதைக்காமல், மெல்லச் சொன்னார்.

“இதைப் போட்டுக்கொண்டு திரி, தம்பி. உன்ரை கால் வெளியிலை தெரியப்படாது.”

அண்ணை குனிந்து சப்பாத்தைக் கையில் எடுத்தார். அப்படியே மண்ணில் இருந்துவிட்டார். தோள் குலுங்கியது. அப்பா வேறு பக்கம் பார்த்தார்.

அன்றிரவு நான் சாப்பிடாமல் அழுதேன். அப்பா இனிச் செருப்போடு கந்தோருக்குப் போகவேண்டுமே என்று ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை வேறு. அடித்த அடியில் அப்பாவுக்குக் காது மட்டுமல்ல, கண்ணும் மங்கிவிட்டது, சப்பாத்தை யாருக்குத் தூக்கிக் கொடுத்தார் என்றே அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்து, அவருக்காக அழுதேன்.