வாப்பாவின் முதுகு

புதுச் சுவரில் தண்ணீர் பட்டதும் சீமெந்து வாசனை எழும்பியது. மகளுக்காகக் கட்டும் வீடு. நான் பைப்பைப் பிடித்து நனைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற மகள், "உம்மா, நான் இனி கிளாஸுக்குப் போகல்ல. எனக்குத்தான் வீடு கட்டுறீங்களே, படிச்சி என்ன செய்ற?" என்றாள்.

அதே வாசனை, அதே கேள்வி. கல்முனைக்குடியில் என் வாப்பாவுக்கு அரிசி ஆலை இருந்தது. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குத்தான். நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே எனக்கான சுவர்கள் எழும்பிவிட்டன. அசர் தொழுதுவிட்டு வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாப்பா தன் கையாலேயே தண்ணீர் அடிப்பார். கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்த அன்று ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் திரும்பவில்லை.

"நல்லம் மகள். ஒனக்குத்தான் வீடு வருகுதே, பிறகென்ன படிப்பு? அந்த பைப்பக் கொஞ்சம் இழுத்து உடு."

வறுமைதான் பிள்ளையை விரட்டும் என்கிறார்கள். என்னை விரட்டியது வியர்வையில் பெனியன் ஒட்டிய அந்த முதுகு. அதைத் திருப்பத்தான் இரவுபகலாகப் படித்து எஞ்சினியர் ஆனேன்.

என் மகள் கூப்பிட்டு நான் திரும்பாத நாளே இல்லை. அரைகுறையாய்க் கீறிய படத்துக்கும் கை தட்டியிருக்கிறேன். பெற்ற பிள்ளைக்கு எந்தத் தாய் முதுகைக் காட்டுவாள்? எரிச்சலில் இன்று காட்டிப் பார்த்தேன். திரும்பாமல் சுவரையே நனைத்தேன்.

"உம்மாக்குக் காது கேக்கல்ல போல" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டாள்.