மெஷினுக்கு வந்த திருநீறு

எல்லாக் கிளைகளின் கணக்கையும் போடும் எங்கள் பெரிய மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டர், சென்னை பீச் ஸ்டேஷன் பக்கத்துத் தலைமை அலுவலகத்தில் இருந்தது. ஏசி அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது பொறுப்பாளனான என் உரிமை. அந்த அறையின் குளிரும், வரிசையாகச் சுழன்ற டேப்புகளின் சத்தமும் இன்றும் தாம்பரம் வீட்டில் மதியத் தூக்கத்தில் வந்து போகின்றன.

தாம்பரம் கிளைக்கு பிசிக்கள் வந்தன. ஒன்றோடொன்று பேசும்படி அவற்றுக்குள் ஒரு நெட்வொர்க்கும் போட்டார்கள். அதை மெயின்ஃபிரேமோடு எப்படிச் சேர்ப்பது என்று என்னைக் கேட்டார்கள். ஒவ்வொரு பிசிக்கும் தனி கார்டு போடலாம். அதற்குக் கேபிள் ஒரே கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். டெலிபோன் லைன் எடுத்து, கிளையில் ஒரு பிசியை மட்டும் வாசல்போல வைத்து, மற்றவை அதன் வழியே வரும்படி செய்யலாம். இரண்டும் இல்லையென்றால், அன்றைய கணக்கை ஃபிளாப்பியில் ஏற்றி ஆள் கொண்டுவர வேண்டியதுதான்.

லைன் வரும்வரை அப்படிக் கொண்டுவந்தவர் கிளையின் கம்ப்யூட்டர் அதிகாரி. என் வயதுதான். சாயங்காலக் கூட்டத்தில் வளையாமல் இருக்க, ஃபிளாப்பியைக் கழுவித் துடைத்த டிபன் பாக்ஸில் வைத்து ரயிலில் வருவார். “இன்னிக்கு என்ன சாப்பாடு?” என்பேன். “கணக்குதான் சார், உப்பு கம்மி” என்பார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் நர்ஸ். இவர் வீடு திரும்பும்வரை சின்ன மகள் பக்கத்து வீட்டில் காத்திருப்பாள்.

“லைன் மட்டும் போட்டுட்டா நான் அஞ்சரைக்கு வீட்ல இருப்பேன் சார்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு சனிக்கிழமை லைன் போட்டுச் சோதித்தோம். போனில் கத்தினார்: “சார், வந்துடுச்சு! எங்க ஸ்கிரீன்ல உங்க மெஷின் வந்துடுச்சு!” மெயின்ஃபிரேம் கொஞ்சமும் திணறவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. நாளைக்கு யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் உள்ளே வரலாம், செருப்போடு வரலாம். ‘மெஷின் வேகம் குறைகிறது, ஃபிளாப்பியே தொடரட்டும்’ என்று மேலதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்தேன். அது பொய். என்னைச் சரிபார்க்க அங்கே வேறு ஆள் இல்லை. அவர் மகள் பெரிய வகுப்புக்குப் போகும்வரை ஃபிளாப்பி ரயிலில்தான் வந்தது.

போன மாதம் மேடவாக்கத்தில் அவர் ஃபிளாட்டுக்குப் போனேன். வாசலில் தண்ணீர் லாரி நின்றது. உள் அறையில் அந்த மகள் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டிலிருந்தே ஏதோ வெளிநாட்டு ஆபீசோடு பேசிக்கொண்டிருந்தாள். காபி வந்ததும் சொல்லிவிட்டேன்: “அன்னிக்கு மெஷின் ஸ்லோ ஆகவே இல்ல. நான் பொய் எழுதினேன்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நான் நம்பிட்டேனே சார்.”

“தெரியும்.”

“ஒரு தடவை டிபன் பாக்ஸ்ல ஃபிளாப்பியோட திருநீறு பொட்டலம் கொண்டாந்தேனே, ஞாபகம் இருக்கா?”

இருந்தது. குன்றத்தூர் கோயில் திருநீறு. “பாப்பா குடுத்தா, உங்க மெஷினுக்கு வெக்கணுமாம்” என்று அவர் நீட்ட, நான் சிரித்தபடி மெஷின் மேல் மூன்று விரலால் பட்டையாகவே இழுத்தேன். குழந்தைக்கும் என் மெஷின்மேல் பிரியம் என்று பெருமைகூடப் பட்டேன்.

“தெனம் ஏம்ப்பா லேட்டுன்னு கேப்பா. மெஷினுக்கு ஒடம்பு சரியில்லம்மா, அதான் அப்பா போக வேண்டியிருக்குன்னு சொல்லி வெச்சிருந்தேன். அது சீக்கிரம் நல்லாகணும்னு வேண்டிக்கிட்டு குடுத்தனுப்பினா சார்.”

உள்ளே அவள் பேச்சு நின்றது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்றார்.