அட்ஜஸ்ட் பண்ணிக்கோ

பள்ளிப் படிப்போடு நின்றவள் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் ஒருநாள் கோவை உக்கடத்தில் உடுமலை பஸ் ஏறி, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மணி" என்றேன். அப்பாவோடு வந்த இளம்பெண் சிரித்தபடி நகர்ந்தாள். மில்லில் மெஷினைச் சரிசெய்வதற்கும் எங்களுக்கு அதே சொல்தான்.

பஸ் கிளம்பியதும் அவள் அப்பா அவள் காதருகே குனிந்தார். "மாப்பிள்ள ஊட்டுல நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கோணும் கண்ணு."

"இந்தக் காதுல சொல்லுங்கப்பா. அவுரு அடிச்சதுல அந்தக் காது கேக்கறதில்லீங்க."

பொள்ளாச்சியில் இருவரும் இறங்கினார்கள். அவளை மாப்பிள்ளை வீட்டிலேயே கொண்டுபோய் விட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

கட்டிக்கொடுத்த என் மகளிடமும் அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தேன். மறுநாள் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, அவளைப் பார்க்கத் தாராபுரம் போனேன்.