ஒரு வரி கீழே

பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லாரும் டைப்பிங் அக்கா என்றுதான் சொல்வார்கள். பதினோரு வருஷமாக அந்தப் பெயர்தான். ஆனால் கூடத்துக்குள் உட்கார்ந்து அவள் வேலை பார்த்ததே கிடையாது. ரத்தம், சிறுநீர் என்று சோதித்து முடித்ததும், முடிவுகளைக் கையால் எழுதி, அந்தத் தாள்களைப் படமெடுத்து அனுப்புவார்கள். அவள் வீட்டில், ஜன்னலோரத்து மேசையில், தன் சொந்தக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தாளையும் அறிக்கையாக ஏற்றுவாள். ஒரு நாளைக்கு நாற்பது, சில நாள் ஐம்பது. கூடத்து டாக்டரம்மாவின் கிறுக்கல் அத்தனையும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. தான் எழுதியது தனக்கே புரியாமல் போனால் டாக்டரம்மா இவளுக்குத்தான் போன் போடுவார். "ஏம்மா, நான் என்னம்மா எழுதியிருக்கேன்?" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மேனேஜரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, போன மாசம் ஒரு ரிப்போர்ட். ஃபேக்டரி கேன்டீன்ல சமைக்கிறவர். காமாலைக் கிருமி இருக்கானு பார்த்தது. தாள்ல 'இல்லை'னு இருக்கு. ரிப்போர்ட்ல 'உண்டு'னு போயிருக்கு."

அவள் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தாள். கோழி கிண்டியது போன்ற எழுத்துதான், ஆனால் சந்தேகத்துக்கே இடமில்லை. இல்லை என்றுதான் இருந்தது.

"இதை நான் இல்லைனுதான் படிச்சிருப்பேன்."

"படிச்சது சரிக்கா. அடிச்சது தப்பு."

மிச்சத்தையும் மேனேஜரே சொன்னார். அறிக்கை போன அன்றே சமையல்காரரை அடுப்படிக்குள் விடவில்லை. அவர் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு நாள் அந்த மனுஷன் தனியாக இருந்திருக்கிறார். பிறகு யாரோ சொல்லி, வேறு இடத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் ஒன்றுமே இல்லை. இரண்டு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு நேற்று கூடத்துக்கு வந்திருக்கிறார். சத்தம் போடவில்லை. இதில் எது உண்மை என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"இந்த மாசக் கடைசியோட போதும்க்கா. அதுவரைக்கும் நீங்க அடிக்கிறதை இங்க ஒருத்தர் ஒத்துப் பார்த்துத்தான் வெளியே அனுப்புவோம்," என்றார் மேனேஜர். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் உறைத்தது.

வேலை போவதைப் பற்றி அவள் அதிகம் யோசிக்கவில்லை. அந்த அறிக்கையை ஏற்றிய நிமிஷத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. நாற்பதில் ஒன்று, எப்படி வரும்? தெரிந்து செய்த தப்பென்றால் இனிமேல் செய்யாமல் இருக்கலாம். எப்படிச் செய்தோம் என்றே தெரியாத தப்பை என்ன பண்ணுவது?

அவள் புருஷன் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் கேட்டார். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எங்க பட்டறையில ஒரு பீஸ் தப்பா வந்தா, அதே ஆளை மறுபடி ஓட்டச் சொல்வோம். பக்கத்துல ஒருத்தர் நின்னு பார்ப்பாரு. கையா, மெஷினானு அப்பத்தான் தெரியும்."

"என் பக்கத்துல யாருங்க நிக்கிறது?"

"நான் நின்னு பிரயோஜனம் இல்ல. அந்த எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு ஊர்ற மாதிரிதான் தெரியுது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சொன்னது மனசில் தங்கிவிட்டது. அறிக்கை ஏற்றும் மென்பொருளை முதன்முதலில் கொடுத்தபோது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். அதில் ஆள் இல்லை. திரை மட்டும்தான் ஓடும், அம்புக்குறி அங்கும் இங்கும் போகும். அந்த மாதிரி தன் திரையையும் பதிந்து வைத்தால், தன் பக்கத்தில் தானே நின்று பார்க்கலாமே என்று தோன்றியது.

மாசம் முடியப் பதினேழு நாள் இருந்தது.

மறுநாள் காலையில் தேடினாள். திரையைப் பதிகிற சாஃப்ட்வேர் என்று அடித்ததும் கடல் மாதிரி வந்து கொட்டியது. முதலில் வந்ததை இறக்கினாள். நன்றாகத்தான் பதிந்தது. ஆனால் தன் பெயரைப் பெரிய எழுத்தில் திரையின் கீழ் மூலையில் போட்டுக்கொண்டது. உண்டு, இல்லை என்று தேர்ந்தெடுக்கும் கட்டம் இருப்பது சரியாக அந்த மூலையில்தான். இரண்டாவது எதையும் மறைக்கவில்லை, பத்து நிமிஷம் ஆனதும் நின்றுவிட்டது. மேலே வேண்டுமென்றால் பணம் கட்டச் சொன்னது. அன்று மத்தியானம் புருஷனிடம் போனில் சொன்னபோது, "தப்பு பண்ணணும்னா பத்து நிமிஷத்துக்குள்ள பண்ணிடு," என்றார்.

மூன்றாவதைப் பற்றி எங்கு பார்த்தாலும் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். இலவசம், நேரக் கணக்கு கிடையாது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அழுத்திக்கொண்டே வந்தவள் கடைசிப் பக்கத்தில் நின்றாள். பதிவாகும் வீடியோ தானாகவே இணையத்தில் அவர்களிடம் போய்ச் சேரும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. பின்னால் திறந்து கிடந்த பக்கத்தில் அன்றைய நோயாளிகளின் பெயர், வயது, யாருக்கு என்ன சோதனை என்பது வரிசையாகத் தெரிந்தது. சூடு பட்டது போலக் கையை எடுத்தாள். முதல் வேலையாக அதை அழித்தாள்.

நாலாவது, தொழில்காரர்கள் வைத்துக்கொள்வது. விமானம் ஓட்டுகிற இடம் போல அத்தனை பொத்தான். எட்டு வருஷத்துக் கம்ப்யூட்டர் அதைத் தாங்காமல் மூச்சு வாங்கியது. ஒரு எழுத்தை அடித்தால் மூன்று நொடி கழித்துத் திரைக்கு வந்தது. அவள் பார்த்துப் பார்த்து அடிக்க ஆரம்பித்தாள். இவ்வளவு நிதானமாக அடித்தால் அந்தத் தப்பு ஜென்மத்துக்கும் வராது என்று அரை மணி நேரத்தில் புரிந்துவிட்டது. அவளுக்கு வேண்டியது அவளுடைய வழக்கமான கை.

கம்ப்யூட்டரோடு வந்த ஒன்று இருக்கிறதே என்று அதையும் பார்த்தாள். எல்லாம் பதிந்தது, கட்டத்தை அழுத்தினால் விரிகிற பட்டியல் மட்டும் வீடியோவில் வரவில்லை. அம்புக்குறி வெறும் இடத்தில் எதையோ தொட்டுவிட்டு நகர்ந்தது.

அதற்குள் ஐந்து நாள் ஓடியிருந்தது. கடைசியில் கடைத்தெருவில் இருக்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரருக்குப் போன் போட்டாள்.

"எதுக்குப் பதியறீங்க? பாடம் எடுக்கவா? விளையாட்டா?"

"நான் தப்பு பண்றதைப் பார்க்கணும்."

அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். குரல் வேணுமா? வேண்டாம். படம் வழவழனு ஓடணுமா? வேண்டாம், எழுத்து தெரிஞ்சா போதும். எவ்வளவு நேரம்? காலையில இருந்து மத்தியானம் வரைக்கும். நெட்டுக்குப் போகலாமா? கூடவே கூடாது. மவுஸை அழுத்தினது தெரியணுமா?

"அழுத்தினது, உருட்டினது எல்லாம் தெரியணும்," என்றாள். அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்பதே அவர் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவர் ஒரு பெயரைச் சொன்னார். பார்க்க அழகாக இல்லாத, பழைய, சின்ன சாஃப்ட்வேர். நொடிக்கு ஐந்து படம் போதும் என்று குறைத்துவைக்கச் சொல்லிக்கொடுத்தார். மவுஸை அழுத்தினால் அம்புக்குறியைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் வரும். சக்கரத்தை உருட்டினால் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு வரும். கம்ப்யூட்டர் வழக்கம் போலவே ஓடியது. ஒரு மணி நேரத்தில், ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையே அவள் மறந்துபோனாள்.

காலையில் அடிப்பாள், மத்தியானம் உட்கார்ந்து வேகமாக ஓட்டிப் பார்ப்பாள். தன்னைத்தானே பார்ப்பது ஒரு மாதிரியாக இருந்தது. எந்த வார்த்தையில் தயங்குகிறாள், எங்கே திரும்பிப் போய்ச் சரிபார்க்கிறாள் என்று எல்லாம் தெரிந்தது. மூன்று நாளில் ஒரு தப்பும் இல்லை. நாலாவது நாள், இருபத்தி ஆறாவது அறிக்கையில், "உண்டு" என்று இருந்தது. தாளில் "இல்லை".

பின்னால் தள்ளி மெதுவாக ஓட்டினாள். அம்புக்குறி கட்டத்துக்கு வந்தது. மஞ்சள் வளையம். பட்டியல் விரிந்தது. அவள் "இல்லை"யைத்தான் தொட்டிருந்தாள். பட்டியல் மூடிக்கொண்டது. அதுவரை எல்லாம் சரி. வழக்கமாக அங்கிருந்து கீபோர்டில் விசையைத் தட்டி அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவாள். இந்த முறை பக்கத்தைக் கீழே தள்ளுவதற்காக மவுஸின் சக்கரத்தை உருட்டியிருந்தாள். அம்புக்குறி இன்னும் அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றிருந்தது. அதனால் பக்கம் நகரவில்லை. கட்டத்துக்குள் இருந்த சொல் நகர்ந்தது. "இல்லை" போய் ஒரு வரி கீழே இருந்த "உண்டு" வந்து உட்கார்ந்தது. அவள் அம்புக்குறியை விலக்கி மறுபடி உருட்ட, பக்கம் கீழே போய்விட்டது. முழுக்க இரண்டு நொடிகூட ஆகவில்லை. அப்போது அவள் கண் அடுத்த வரிக்குப் போயிருக்கும்.

திரும்பத் திரும்பப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிம்மதி கொஞ்சமும் வரவில்லை.

புருஷன் வந்ததும் போட்டுக் காட்டினாள். அவர் திரையைப் பார்த்தார், மேசையில் இருந்த மவுஸைப் பார்த்தார். பழைய மவுஸில் சக்கரம் செத்துப்போய் வருஷக்கணக்காகிவிட்டது. மணிக்கட்டு வலிக்கிறது என்று அவள் சொன்னதால் மூன்று மாசத்துக்கு முன்பு இதை வாங்கிவந்தவர் அவர்தான்.

"இது வந்த பிறகுதானா?" என்றார்.

"உங்களாலதான் எனக்குக் கை வலி போச்சு. அது வேற, இது வேற."

அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவளுக்கு அப்போதுதான் அடுத்தது உறைத்தது. மூன்று மாசம். சமையல்காரர் ஒருவர்தான் திரும்பி வந்து கேட்டிருக்கிறார். வராதவர்கள் எத்தனை பேர்? சக்கரம் கீழே மட்டுமா உருளும், மேலேயும் உருளுமே. நோய் உள்ள யாருக்காவது "இல்லை" என்று போயிருந்தால், அவர்கள் எதற்காகத் திரும்பி வரப்போகிறார்கள்?

மறுநாள் விடிந்ததும் வீடியோவைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு நேரில் போனாள். மேனேஜர் அதைப் போட்டுப் பார்த்தார்.

"இதுல நோயாளிங்க பேரெல்லாம் இருக்கு. யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"யாரையும் கேக்கலை சார், அது தப்புதான். நெட்டுக்கு எதுவும் போகலை. என் மெஷின்லயும் இதுலயும்தான் இருக்கு. நீங்க பார்த்ததும் உங்க கண் முன்னாடியே அழிச்சிடறேன்."

"சரி, சாஃப்ட்வேர்தான் தப்புன்னு சொல்ல வர்றீங்க. அந்தாளு கேட்டுட்டுப் போயிட்டாரு, விஷயம் முடிஞ்சிடுச்சு. இப்ப எதுக்குக் கிளறணும்?"

"சக்கரத்தை உருட்டினது என் விரல்தான். நான் அதைச் சொல்ல வரலை சார். இன்னும் யாருக்காவது மாறிப் போயிருக்கும். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பேச்சுக் கேட்டு டாக்டரம்மா உள்ளே வந்தார். நின்றபடியே வீடியோவைப் பார்த்தார். "மறுபடி போடும்மா," என்றார். இரண்டாவது முறை உட்கார்ந்து பார்த்தார். பிறகு கூடத்துக் கம்ப்யூட்டரிலேயே அறிக்கைப் பக்கத்தைத் திறந்து, "இல்லை"யைத் தொட்டு, அம்புக்குறியை நகர்த்தாமல் சக்கரத்தை உருட்டினார். "உண்டு" வந்தது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

மூன்று மாசத்துத் தாள்கள் எல்லாவற்றையும் அறிக்கைகளோடு ஒத்துப் பார்த்தார்கள். நாலு பேர் உட்கார்ந்தும் ஆறு நாள் பிடித்தது. அவளும் அந்த நாலு பேரில் ஒருத்தி. ஏழு அறிக்கைகள் மாறியிருந்தன. ஆறில் இல்லாத நோயை உண்டு என்று சொல்லியிருந்தது. ஒன்றில் அவள் பயந்தது நடந்திருந்தது. ஒரு பள்ளிக்கூட ஆயாவுக்குக் கிருமி இருந்தும், இல்லை என்று போயிருந்தது. டாக்டரம்மாவே போன் செய்து வரவழைத்தார். ரெண்டு மாசம் வீணாகப் போய்விட்டது, ஆனாலும் மருந்துக்கு நேரம் இருக்கிறது என்றார். அந்த ஆயா அழுதுகொண்டே படியிறங்கிப் போனதை டைப்பிங் அக்கா உள்ளறையிலிருந்து பார்த்தாள். அன்று அவள் வெளியே வந்து பேசவில்லை.

மென்பொருள்காரர்கள் ஒரே வாரத்தில் அந்தக் கட்டத்தைத் திருத்திக் கொடுத்தார்கள். வீடியோவை அவள் சொன்னபடியே அழித்தாள். மாசக் கடைசியில் மேனேஜர், "வேலையைத் தொடர்ந்து நீங்களே பாருங்கக்கா," என்றார். இன்னொருவர் ஒத்துப் பார்ப்பதை மட்டும் நிறுத்தவே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையல்காரர் வீட்டுக்குப் போனாள். மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை. அவர் மனைவி திரும்பி வந்திருந்தாள். டைப்பிங் அக்கா வாசலில் நின்றபடியே தான் யார், நடந்தது என்ன என்று ஒன்று விடாமல் சொன்னாள். சமையல்காரர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மறுபடி வேலைக்கு எடுத்துக்கிட்டாங்கக்கா," என்றார். "ஆனா அடுப்படியில இல்ல. சாமான் அறையில மூட்டை எண்ண வெச்சிருக்காங்க. கிருமி இல்லைனு தாள் காட்டினேன். முதல் தாளும் தாள்தானேங்கறாங்க."

உள்ளே நாலு வயசுப் பெண் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"இவளும் என் தட்டுல கை வைக்க இன்னும் யோசிக்கிறா. சின்னப் புள்ள, மறந்துடும்னு எல்லாரும் சொல்றாங்க."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்த்துப் போகவில்லை. கிளம்பும்போது அவர் கேட்டார்: "எங்கிட்ட சொன்னதை எங்க கேன்டீன் சூப்பர்வைசர்கிட்டயும் சொல்வீங்களா?"

"சொல்றேன் தம்பி."

டாக்டரம்மாவிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு புதன்கிழமை அவரோடு ஃபேக்டரிக்குப் போனாள். சூப்பர்வைசர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். இவளையே சொல்லச் சொல்லிக் கேட்டார். சக்கரம், கட்டம் என்பதெல்லாம் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "தப்பு என் கையில நடந்தது சார், அவர் உடம்புல இல்ல," என்று அவள் சொன்னது புரிந்தது. திங்கள்கிழமையிலிருந்து அடுப்படிக்கு வரச் சொன்னார்.

அந்தத் திங்கள்கிழமை மத்தியானம் அவள் கை வேலையாக இருந்தபோது போன் அடித்தது.

"அக்கா, இன்னிக்கு இருநூறு பேருக்குச் சமைச்சேன்," என்றார் சமையல்காரர். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. "எல்லாரும் சாப்பிட்டாங்க."

"சந்தோஷம் தம்பி," என்றாள். பாத்திரம் கழுவணும், வைக்கிறேன்க்கா என்று சொல்லி அவர் வைத்தார்.