தரகர் வேண்டாம் என்ற பார்சல்காரர்

பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர் பார்சல்காரர். கைவண்டி இழுத்தவர், இன்று ஒன்பது லாரிக்கு முதலாளி. சும்மா வந்ததா? நடுவில் ஒரு தரகனை விட்டதில்லை. வாசலேறி வந்தால் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.

பதிவு மென்பொருளை மருமகள் கிளஸ்டருக்கு மாற்றினாள். பல கணினிகள் சேர்ந்து பாரம் சுமக்கும் ஏற்பாடு அது. கவுன்டரில் தெரியும் திரை, கன்டெய்னர் என்னும் மென்பொருள் அறை ஒன்றில். சரக்கு விவரம் தரும் டேட்டாபேஸ் இன்னொன்றில். இரண்டுக்கும் நடுவே நிலையான பெயர் ஒன்றை வைக்கப் போனாள்.

"யாரும்மா அது நடுவுல? நேரா கதவு நம்பரைக் குடு."

பெரியவர் வாயை யார் அடைப்பது? டேட்டாபேஸ் இருந்த இடத்தின் எண்ணையே திரைக்கு எழுதிக் கொடுத்தாள். அன்று ஓடியது. கடை சாத்தும்போது, "எஞ்சினுக்கும் ஓய்வு வேணும்" என்று எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார்.

காலையில் போட்டால் திரையில் 'இணைப்பு இல்லை'. மருந்துக் கம்பெனி மேலாளர் வாசலில் நின்றார்.

"மதியத்துக்குள்ள பெட்டி ஏறலேன்னா எதிர்க்கடைக்குப் போயிடுவேன், பெரியவரே."

பாதி லாரி ஓடுவது அந்தச் சரக்கால்தான். பார்சல்காரர் உள்ளே ஓடினார்.

"நேத்து ஓடுச்சேம்மா?"

"அணைச்சுப் போட்டதுல டேட்டாபேஸ் வேற நம்பர்ல எழுந்திருக்கு மாமா."

"வீடு எப்படிம்மா ராத்திரியில நம்பரை மாத்திக்கும்?"

"அணைச்சுப் போட்டா ஒவ்வொரு தடவையும் வீடே புதுசு மாமா. சாமான்தான் பழசு."

"சாமானை யார் தூக்கிட்டுப் போனா?"

"யாரும் தூக்கல. நம்ம சரக்குக் கணக்கெல்லாம் வெளியில தனி டிஸ்க்ல பத்திரமா இருக்கு."

வீட்டுக்கு வெளியே சாமான், அதுவும் பத்திரமாக. அவருக்குத் தலை கிறுகிறுத்தது.

"நடுவுல பேரு ஒண்ணு இருந்தா, வீடு எங்க மாறினாலும் அதுவே வழி காட்டிடும். கமிஷன் கேக்காது மாமா."

"கமிஷன் வாங்காத ஆள் எந்த ஊர்லம்மா இருக்கான்?"

கேட்டாரே தவிர, மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது கண்ணில் பட்டது. "சரி, வச்சித் தொலை."

எண்ணை எடுத்துவிட்டுப் பெயரை எழுதினாள். திரை உயிர் பெற்றது. அவர் நம்பவில்லை.

"அணைச்சுப் போடு, பாக்கலாம்."

போட்டாள். அவர் கண்ணெதிரிலேயே எண் மாறியது. திரை ஒருமுறை திணறிவிட்டு ஓடியது.

"யாரும்மா போய்ச் சொன்னா?"

அவள் அதற்குள் மருந்துப் பெட்டிகளைப் பதியத் தொடங்கியிருந்தாள். அவர் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

"என்ன கோளாறு?" என்றார் மேலாளர்.

"ஒண்ணுமில்ல சார். வீடு மாறிடுச்சு, சாமான் மாறல."

மேலாளர் முழித்தார். பார்சல்காரரும் முழித்தபடியே முதல் பெட்டியை லாரியில் ஏற்றினார்.