அஞ்சு மாத்திரம் போதும்

பூந்திக்கொட்டை நுரையின் கசந்த மணம் எங்கேனும் மூக்கில் படுமானால், மல்லேஸ்வரத்து வீட்டின் பின்புறத்தில் ஈரப் பட்டுப்புடவையைப் பிழியாமல் இரு கைகளிலும் ஏந்தியபடி மாமர நிழலை நோக்கி மெல்ல நடந்துவரும் என் அம்மாவே இன்றும் கண்முன் தோன்றுகிறார். முறுக்கிப் பிழிந்தால் பட்டிழை இற்றுப்போகும், வெயிலில் இட்டால் நிறம் வெளுக்கும், பாச்சை உருண்டை பட்டால் சரிகை கறுக்கும் என்பனவெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அந்தப் பாடத்தை அவர் கற்றது தம் ஒரே பட்டுப்புடவையை இழந்த பிறகுதான்.

அது அவருடைய கூறைப்புடவை. அரக்கு நிறம், விரலகலச் சரிகைக்கரை, அவர் தந்தையார் வேலூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு நேரில் சென்று எடுத்துவந்தது. பழுதாகிவிடுமோ என்று அஞ்சி அதை உடுத்தாமலே பெட்டியடியில் வைத்திருந்தார். பட்டுப்புடவையை அவ்வப்போது பிரித்து, பழைய மடிப்பின்மேல் மடிப்பு விழாதபடி வேறு வாக்கில் மடித்து வைக்க வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பெரியப்பா மகளின் நிச்சயதார்த்தத்துக்காகப் பெட்டியைத் திறந்து புடவையை உதறியபோது, மடிப்புத்தோறும் அது கோடு போட்டாற்போல் கிழிந்து தொங்கிற்று. கரை மட்டும் கட்டுக்குலையாமல் பளபளத்தது.

அன்று அம்மா பக்கத்து வீட்டுப் புடவையை இரவல் வாங்கி உடுத்திச் சென்றார். ஜயநகரில் சொந்த வீடு கட்டிக் குடியேறியிருந்த பெரியம்மா, அம்மாவுக்கு ஓரகத்தி, தாம்பூலத்தட்டோடு வந்தவர் சபை நடுவே நின்று, "இது யாரு புடவை ருக்கு? உன் நிறத்துக்கு ஒட்டவே இல்லையே" என்றார். அம்மா சிரித்துத்தான் சமாளித்தார். வீடு திரும்பும் பேருந்தில் மல்லேஸ்வரம் வரையில் இரவல் முந்தானை கசங்காமல் மடியில் பிடித்தபடியே வந்தார். திருமணம் தை மாதத்தில். அதற்குள் தமக்கென ஒரு பட்டு இருந்தாக வேண்டும் என்று அவர் உறுதி பூண்டது அந்தப் பேருந்தில்தான் என்பதைப் பின்னாளில் அறிந்தேன்.

புதிது எடுக்க அப்பாவின் குமாஸ்தா சம்பளம் இடங்கொடாது. தெருவில் "பழைய சரிகே" என்று கூவி வருபவர், கிழிந்த புடவையைக் கொளுத்தி வெள்ளியை எடுத்துக்கொண்டு ஓர் எவர்சில்வர் குடம் தருவதாகச் சொன்னார். அம்மா குடத்தைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், கதவைச் சாத்தினார்.

எதிர்வீட்டில் தையற்பொறி வைத்திருந்த சாவித்திரம்மா கன்னடக்காரர்; அக்கம்பக்கத்துத் தமிழரோடு பேசும்போது மரியாதைக்காக இடையிடையே தமிழும் கலந்துகொள்வார். அம்மாவுக்கோ கறிகாய் வாங்கும் அளவுக்கே கன்னடம். புடவையை விரித்துப் பார்த்த சாவித்திரம்மா, "சீரெ ஹோய்து. அஞ்சு மாத்ர சாகு, தகொண்டு பன்னி" என்றார். புடவை போய்விட்டது, கரை மட்டும் போதும், அதைக் கொண்டுவாருங்கள் என்பது பொருள். கன்னடத்தில் புடவைக்கரைக்கு "அஞ்சு" என்று பெயர். அம்மாவின் செவியிலோ அது தமிழ் அஞ்சாக விழுந்தது. நமக்காகத் தமிழில் எண்ணிச் சொல்கிறார் போலும் என்று மகிழ்ந்தும் போனார். சீட்டுக்கு ஆள் சேர்ப்பதுபோல, ஐந்து புடவை சேர்ந்தால்தான் இவர் இந்த வேலையை ஏற்பார் என்று தமக்குத் தாமே விளக்கமும் சொல்லிக்கொண்டார்.

அடுத்த வாரம் அம்மாவோடு தெருப்பெண்கள் நால்வர், ஆளுக்கொரு கிழிந்த பட்டோடு சாவித்திரம்மாவின் வாயிலில் நின்றனர். எல்லார் வீட்டுப் பெட்டியடியிலும் அப்படியொன்று இருந்ததும், ஒருவரிடம் ஒருவர் அதைச் சொல்ல நாணியிருந்ததும் அன்றுதான் வெளிப்பட்டன. செய்தி புரிந்ததும் சாவித்திரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்து, "நான் கேட்டது சீரெ அஞ்சு, நீங்க கொண்டாந்தது அஞ்சு சீரெ" என்றார். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. கரையை வெட்டித் துண்டுத்துணியில் தைத்துக் கொடுப்பதே தம் எண்ணமாக இருந்தது என்று விளக்கிக்கொண்டே வந்த சாவித்திரம்மா, சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

கப்பன்பேட்டையில் அவருடைய மைத்துனருக்குத் தறி இருந்தது. ஒரு புடவைக்காக எந்த நெசவாளரும் பாவு ஏற்ற மாட்டார். ஐந்து புடவை என்றால் ஏற்றுவார். கடை லாபமும் இடையில் இராது. நெடுக்கே ஓடும் பாவு நூல் எல்லாருக்கும் ஒரே சிவப்பு. ஊடை மட்டும் அவரவர் கரைக்கு ஏற்ற நிறம். குறுக்கே ஓடும் அந்த நூலை மாற்றினாலே, ஒரே தறியிலிருந்து ஐந்து வேறு புடவைகள் இறங்கும். அம்மா பச்சை ஊடை கேட்டார். சிவப்பும் பச்சையும் இழைந்து மாந்துளிர் நிறமாயிற்று. தறியிலிருந்து இறங்கிய அந்த உடலில் பழைய கரையை வெட்டித் தைத்துக் கொடுத்தார் சாவித்திரம்மா. நெசவுப் பணத்தின் தவணைக்காக எங்கள் வீட்டில் மாலைக் காப்பி நின்றது. அப்பா முதலில் முனகினார். பிறகு அலுவலகத்திலேயே குடித்துவிட்டதாகப் பொய் சொல்லப் பழகிக்கொண்டார்.

திருமண மண்டபத்தில் அம்மா நுழைந்தபோது பேச்சொலி சற்றே தணிந்ததாக என் நினைவு. அது மகளின் பெருமையாகவும் இருக்கலாம். பெரியம்மா அருகே வந்து முந்தானையை விரலால் நெருடிப் பார்த்தார்.

"எங்க எடுத்தே ருக்கு? இந்தக் கரையை நான் எங்கேயோ பார்த்திருக்கேனே."

"பார்த்திருப்பீங்க அக்கா. கரை எங்கப்பா எடுத்தது. உடல் நான் எடுத்தது."

உரக்கவும் சொல்லவில்லை, தாழ்ந்தும் சொல்லவில்லை. பெரியம்மா முந்தானையிலிருந்து கையை எடுத்தார். பின்பு தம் இரண்டாம் மகளுக்கும் அப்படியொன்று செய்துதர முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டார். "முடியும் அக்கா. கூட இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வரணும்" என்றார் அம்மா.

சாவித்திரம்மா அன்றுமுதல் அவரை "அஞ்சம்மா" என்றே அழைத்தார். பருவத்துக்கொரு முறை ஐவரும் எங்கள் கூடத்தில் கூடுவர். ஆறு கெசப் பட்டை மடிப்பு மாற்றி மடிக்க ஒருத்தியின் கைகள் போதா. எதிரெதிரே நின்று முனை பிடித்து, காற்றில் உதறி, வசம்புத்துண்டு வைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றுவர். மாமியார் ஏச்சு முதல் மண்ணெண்ணெய் வரிசை வரை எல்லாமும் அந்த மடிப்புகளுக்குள் போகும்.

வாழ்நாள் முழுவதும் தமிழாசிரியையாக இருந்த நான், "அஞ்சு" என்று எழுதிய மாணவரையெல்லாம் "ஐந்து" என்று திருத்தியிருக்கிறேன். அம்மா செந்தமிழ் பேசுபவராக இருந்திருந்தால் எங்கள் வீட்டில் அந்தப் புடவை இராது என்பதை எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை.

எதிர்வீடு இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. அதில்தான் நானும் குடியிருக்கிறேன். மாமரம் இல்லை. கப்பன்பேட்டையில் அந்தத் தறி இருந்த சந்துக்கு நான் தேடிச் சென்றபோது சரக்குக் கிடங்குகளே இருந்தன. ஐவரில் ஒருவரும் இன்று இல்லை. மாந்துளிர்ப் பட்டு மட்டும் என் அலமாரியில் இருக்கிறது. ஓர் இழையும் விட்டுப்போகவில்லை.

போன ஞாயிறன்று மடிப்பு மாற்ற மறுமுனை பிடிக்க ஆளின்றி, மேல்தளத்துக் கன்னடப் பெண்ணை அழைத்தேன். கணினி நிறுவனத்தில் பணிபுரிபவள். பட்டை உதறியதும் எழுந்த ஓசையில் வியந்து, கரையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "அஞ்சு தும்ப சென்னாகிதெ, ஆன்ட்டி" என்று கரையின் அழகை மெச்சினாள்.

"ஆமாம்மா, அஞ்சுமே நல்லாத்தான் இருந்தது" என்றேன். ஐந்து என்று நான் திருத்திக்கொள்ளவில்லை.